செவ்வாய்க்கிழமை நான்கு மணி

ஆராய்ச்சி மாணவர்களின் மனச்சுமையை இறக்கி வைப்பவர் பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகர் என்று பரவலாக நம்பப்படுகிறது. நன்கு படித்தவர்களே இப்படி நம்புவது வருத்தத்துக்குரியது. ஆலோசகர் உள்ளறையில் இருக்கிறார். உள்ளறைக்குப் போகிற வழியில் ஒரு மேசை இருக்கிறது. மேசைக்குப் பின்னால் ரூல்ஸ் அக்கா இருக்கிறார்.

பெயர் மாணவர்கள் வைத்தது. மாணவர் உதவி மையத்தின் வரவேற்பு மேசையில் அக்காவுக்கு இது பத்தொன்பதாவது வருடம். பதிவேட்டில் இதுவரை ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் ஆலோசகரைப் பார்க்க ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும் என்பது முதல் விதி. மூன்று முறை கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அந்த ஆண்டு முழுவதும் பெயர் நீக்கம் என்பது கடைசி விதி. நடுவில் இன்னும் இருபத்திரண்டு விதிகள். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அன்று செவ்வாய்க்கிழமை. மணி மூன்று ஐம்பத்து மூன்று.

"அக்கா, என்னோட நாலு மணியை ரத்து பண்ணிடுங்க."

நின்றவன் ஆறாம் ஆண்டு ஆராய்ச்சிக்காரன். ஆய்வேட்டைவிட அவன் தாடி வேகமாக வளர்ந்திருந்தது.

"மறுபடியுமா? போன வாரத்துக்கு முந்தின வாரம் என்ன காரணம் சொன்னே?"

"தலைவலின்னு."

"போன வாரம்?"

"தலைவலி சரியாயிடுச்சுன்னு."

"இன்னைக்கு?"

கொஞ்சம் யோசித்தான். "பல்வலின்னு போட்டுக்குங்க."

"போட்டுக்குங்களா? இது என்ன மளிகை லிஸ்ட்டா?" அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "ரத்து பண்றவங்க வீட்டுல படுத்துக்கிட்டே போன் பண்ணுவாங்க. நீ மூணேகாலுக்கே வந்துடறே. ஃபேனுக்கு அடியில உட்கார்றே. பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கதை பேசறே. அப்புறம் ஆடி அசைஞ்சு வந்து ரத்து பண்றே. அங்க பாரு!"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், காத்திருப்பு அறையில் ஒரு பெண். முதலாண்டு ஆராய்ச்சி மாணவி. மடியில் படிப்பிலிருந்து விலகும் விண்ணப்பம். எல்லாக் கட்டங்களும் நிரப்பியாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி.

"அஞ்சு வாரம் ஆகும்னு சொல்லிட்டேன். எழுந்து போக முடியாம உட்கார்ந்திருக்கு பாவம். கடைசிப் பத்து நிமிஷத்துல காலியாற இடம் அறையில உட்கார்ந்திருக்கிறவங்களுக்குன்னு பதினாறாம் விதி ஒண்ணு இருக்கறதால பொழைச்சோம். இல்லேன்னா உன் பல்வலிக்கு ஒரு மணி நேரம் பாழ்."

"நல்ல விதிக்கா."

"நக்கலா? இது மூணாவது தடவை. பேரை எடுத்துடுவேன். வருஷம் பூரா இந்தப் பக்கம் வர முடியாது. தெரியுமில்ல?"

போன வருடம் முதல்முறை வந்தபோது அவனும் அதே அறையில், அதே ஐந்து வாரம் காத்திருந்தவன்தான். அந்த ஐந்து வாரத்தில் பாதியாக இளைத்திருந்தான். பதிவேட்டில் அதை எழுதக் கட்டம் கிடையாது; ஆனாலும் அக்கா கவனித்திருந்தார். அதன் பிறகு ஒரு செவ்வாய் தவறாமல் வந்து, ஒருவழியாகச் சாப்பிடவும் தூங்கவும் தொடங்கியிருந்தான். அப்படிப்பட்டவனுக்கு இப்போது என்ன திமிர் என்பதுதான் அக்காவின் ஆற்றாமை.

"தெரியும்க்கா," என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அக்கா 'பல்வலி' என்று எழுதினார். அளவுகோல் வைத்து, சிவப்பு மையில், அவன் பெயருக்குக் கீழே பெயர் நீக்கத்துக்கான கோடு இழுத்தார். அவன் போய்விட்டான்.

கண்ணாடிக் கதவைத் திறந்து அந்தப் பெண்ணை அழைத்தார்.

"உள்ள போம்மா. உனக்கு அதிர்ஷ்டம்."

அடுத்த செவ்வாய் அவள் மறுபடி வந்தாள். கையில் விண்ணப்பம் இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். போன வாரம் என் பக்கத்துல ஒரு தாடிக்காரர் உட்கார்ந்திருந்தாரே, அவர் இங்க வேலை பார்க்கிறாரா?"

"வேலையா? அவனா? வெட்டியா வந்து போறவன். ஏன்?"

"நான் கிளம்பறேன்னு எழுந்தேங்க்கா. 'போகாதே, மூணு அம்பது தாண்டட்டும், நாலு மணிக்கு ஒரு இடம் காலியாகும்'னார். அப்புறம் எழுந்து வந்து உங்ககிட்ட ஏதோ சொன்னார். உடனே என்னைக் கூப்பிட்டீங்க. அதான் இங்க ஆபீசரோன்னு நினைச்சேன்."

அக்கா அவளை உள்ளே அனுப்பிவிட்டுப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார்.

பல்வலி அன்று உள்ளே போனது இவள். தலைவலி சரியான அன்று, அதே நாற்காலியில் இருந்த ஒரு புதிய மாணவன். தலைவலி அன்று, இன்னொரு புதியவள். மூன்று பேரிடமும் 'உனக்கு அதிர்ஷ்டம்' என்று சொன்னது தான்தான் என்பது அக்காவுக்கு நினைவு வந்தது.

பல்வலிப் பக்கத்துக்குத் திரும்பினார். பிறகு பேனாவை எடுத்தார்.

பத்தொன்பது வருடப் பதிவேடுகளில் அடித்தல் இருப்பது அந்த ஒரு பக்கத்தில்தான். 'பல்வலி' அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில், 'ரத்து செய்தவர் மாணவர் அல்ல. அலுவலகத் தவறு. பெயர் தொடரும்' என்று எழுதி, கீழே ரூல்ஸ் அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அலுவலகத் தவறுக்கு விளக்கம் கேட்டுப் பதிவாளரிடமிருந்து அவருக்கு ஒரு மெமோ வந்தது. அதுதான் அவர் வாங்கிய முதல் மெமோ.