ஒரு நாளைக்கு ஒரு முகம்

வரிசையில் பதினேழு பேர் நின்றார்கள். ரேஷன் கடை விற்பனையாளர் சுகுணா உள்ளே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

முன்னறிவிப்பு இல்லாமல் சோதனைக்கு வந்த வழங்கல் அதிகாரி சதீஷ்குமாருக்கு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்து ஏற்றாத கோபம் அந்த ஒரு காட்சியில் ஏறிவிட்டது.

“ஏம்மா, இது ரேஷன் கடையா, டிராயிங் கிளாஸா?”

சுகுணா எழுந்த வேகத்தில் பென்சில் உருண்டது. “மிஷின் சுத்திட்டே இருக்குதுங்க சார். பாவாயியக்கா கைரேகை விழுகல. அதுவரைக்கும்...”

“அதுவரைக்கும் அவங்க மூக்கை வரையறீங்க.”

“மூக்குக்கு இன்னும் வரலீங்க சார். கண்ணுதான் ஆச்சு.”

பொய் சொல்லிப் பழகாதவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்.

சதீஷ்குமார் கையிலிருந்த தாளை நீட்டினார். “இந்த மலையிலேயே உங்க கடையிலதான் ரேகை அதிகமாத் தப்புது. நூத்துக்கு அறுபது பேருக்கு முதல் தடவை விழுகல. ஏன்?”

“மிளகு பறிச்சு, மரவள்ளி பிடுங்கித் தேஞ்ச கைங்க சார்.”

“பக்கத்துக் கடையில நூத்துக்கு எட்டுதான். அங்க வர்றவங்க எல்லாம் பேங்க்ல வேலை பாக்கறாங்களா?”

வரிசையில் யாரோ சிரித்து, அதை உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

சதீஷ்குமாரின் சந்தேகம் சாதாரணமானது அல்ல. ரேகை விழவே இல்லையென்றால் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுக்கலாம். அந்த வழியில் மூட்டை மூட்டையாக அரிசி காணாமல் போகவும் வாய்ப்புண்டு. அது மட்டும் நிரூபணமானால் சுகுணாவின் வேலை அன்றோடு சரி.

“கள்ளக் கணக்கு இதுலதான் இருக்கா?” என்று அவள் வரைந்துகொண்டிருந்த நோட்டைப் பிடுங்கிப் பிரித்தார்.

கணக்கு இல்லை. முகங்கள்தான் இருந்தன. பக்கத்துக்கு ஒன்று, கீழே தேதி.

“ஒரு நாளைக்கு ஒரு முகம்னு வெச்சிருக்கேன் சார். நாலு வருசமா ஜனவரி ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சு, பொங்கலுக்குள்ள விட்டுருவேன். இந்த வருசம் கடை திறந்த நாள் ஒண்ணுகூட விடல. இன்னையோட நூத்தி எண்பத்தி நாலு!”

வேலை போய்விடுமோ என்ற பயத்திலும், அந்த எண்ணைச் சொல்லும்போது அவள் குரல் நிமிர்ந்தது.

சதீஷ்குமார் பக்கங்களைப் புரட்டினார். “இந்த நாலு பேருக்கு மட்டும் ஏன் மூக்கு, வாய் ஒண்ணும் காணோம்?”

“அது ஆடி மாசம் சார். வாசலூர்பட்டிப் பக்கம் புது டவர் போட்டாங்க. விரலை வெச்சதும் மிஷின் பில் அடிச்சிருச்சு. நாலு நாளா ஒரு முகம்கூட முடியல. இந்த வருசமும் அவ்வளவுதான்னு நினைச்சேன். அஞ்சாம் நாள் மிஷின் தானா பழையபடி மெதுவாயிருச்சு.”

“தானா ஆயிருச்சா? சரி, உள்ள போய் இருப்புப் பதிவேட்டை எடுத்துட்டு வாங்க. மூட்டையை நானே எண்ணணும்.”

சுகுணா உள்ளே போனாள். அவர் பாவாயியிடம் திரும்பினார்.

“அம்மா, விரலை வைங்க.”

பாவாயி வைத்தார். மிஷின் மறுத்தது. சதீஷ்குமார் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் கண்ணாடியில் படியவே இல்லை. நகத்தோரமாக ஒருக்களித்துப் படுத்திருந்தது.

“நேரா வைங்க.”

பாவாயி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

“இப்படி வைக்கச் சொல்லிக் குடுத்தது அந்தம்மாதானே?”

“ஐயோ, அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமே தெரியாதுங்க சாமி!” பாவாயி குரலைத் தாழ்த்தினார். “டவர் வந்த வாரம் அது மூஞ்சியப் பாக்க முடியலீங்க. சோறு எறங்காத மாதிரி உக்காந்திருந்துச்சு. அதான் விரலக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சுப் பாத்தோம். மிஷின் மூணு நிமிசம் சுத்துச்சு. நம்ம குழந்தைசாமி அண்ணன் படத்துல மூக்கு மீசையோட முழுசா வந்துட்டாரு!”

பின்னால் நின்ற குழந்தைசாமி, சாட்சியாக மீசையைத் தடவிக் காட்டினார்.

“ஒரு நாளைக்கு ஒருத்தரைத்தானே வரையறாங்க? எல்லாரும் எதுக்குச் சாய்க்கறீங்க?”

“இன்னைக்கு யாரை வரையும்னு எங்களுக்கு எப்படீங்க தெரியும்?” என்றார் குழந்தைசாமி.

“இத்தனை பேருக்கு நேரம் வீணாகுதே!”

“ஆகட்டுங்க. நூத்தி எண்பத்தி நாலு நாளா எங்க ஊருல ஒண்ணு நிக்காம நடக்குதுங்க. பஸ்ஸுகூட அப்படி வாரதில்ல.”

“அதுகிட்டச் சொல்லிப்புடாதீங்க சாமி,” என்றார் பாவாயி. “தானே சாதிச்சதா நினைச்சுட்டிருக்குது.”

சுகுணா பதிவேட்டோடு வந்தாள். சதீஷ்குமார் மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஒரு கிலோகூடக் குறையவில்லை.

கைத் தூசியைத் தட்டிக்கொண்டு கேட்டார்: “எப்படிம்மா இத்தனை நாள் விடாம வரைய முடிஞ்சுது?”

“எல்லாம் என் மன உறுதிதான் சார்!”

பதினேழு பேரும் மும்முரமாக வானத்தைப் பார்த்தார்கள்.

சதீஷ்குமார் அறிக்கையை எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டார்: ‘இப்பகுதி மக்களின் கைரேகைகள் கடும் உழைப்பால் தேய்ந்தவை. விற்பனையாளர் மீது குறை ஏதுமில்லை.’

நோட்டைச் சுகுணாவிடம் திருப்பிக் கொடுத்தார். “உக்காருங்க. மூக்கை முடிங்க.”

பிறகு பாவாயியின் பக்கம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“விரலை வைங்கம்மா. நல்லாச் சாய்ச்சு வைங்க.”