உருளைக்கிழங்கு மாதிரியே

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து அந்தச் சமையலறையில் கோவைக்காய்க்குத்தான் வாழ்வு. கூடையின் அடியில் ஒற்றை உருளைக்கிழங்கு ஒன்று, கூப்பிட ஆளில்லாமல் முளைவிட்டுக் கிடந்தது.

அன்று மதியமும் தாளிக்கும் வாசம் வந்தது.

"சோம்பும் பூண்டும் தட்டிப் போடுறாங்க. அது என்னோட மசாலா" என்றது உருளைக்கிழங்கு, ஏக்கத்தோடு.

"இப்ப எங்களோடதுண்ணே. எங்கக்கா உள்ளே போயிருக்கா, இன்னிக்குப் பாருங்க எங்க பேரு!" என்றது கூடையில் மிச்சமிருந்த கோவைக்காய்.

சாப்பாடு முடிந்து கழுவிய இரும்புச் சட்டி ஆணியில் வந்து தொங்கியதும், கோவைக்காய் பரபரத்தது. "என்ன சொன்னாரு?"

"ரெண்டு தடவை கேட்டு வாங்கினாரு. வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு, 'அடடா, அப்படியே உருளைக்கிழங்கு மாதிரியே இருக்கு'ன்னாரு" என்றது சட்டி.

கோவைக்காய்க்கு முகம் செத்துவிட்டது. "வெந்தது எங்கக்கா, பேரு மட்டும் உனக்கா?"

உருளைக்கிழங்கு தன் முளையைக் கூடையின் ஓரத்தில் சாய்த்துக்கொண்டது.

"பேரை நீயே வச்சுக்க, தங்கச்சி. எனக்கு அந்த எண்ணெயில ஒரு தடவை விழுந்து புரண்டாப் போதும்."