பச்சைக் கண்

ரேடியோவுக்குக் கண் உண்டென்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

"ரேடியோவுக்குக் கண்ணா? யாருகிட்ட கதை விடுறீங்க?" என்றாள் உர்சுலா. "முதல்ல போனை விடுங்க லா. தங்கச்சி பிரிஜட் கூப்பிடுறேன்னு சொன்னா."

"அஞ்சு நிமிஷம். மார்சிலிங்காரரு எழுதியிருக்காரு," என்றார் அவள் கணவர் ஜார்ஜ்.

அது 1988. சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் அவர்கள் இருந்த அடுக்குமாடி புளோக்கில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் ஜார்ஜ் ஒருவர்தான். டெலிபோன் வயரை ஒரு சின்னப் பெட்டியில் சொருகுவார். பெட்டி பூனைக்குட்டி மாதிரிக் கத்தும், சீறும், அப்புறம் அடங்கும். அடங்கியதும் திரையில் எழுத்து ஓடி வரும்.

பழைய வால்வு ரேடியோ சேர்க்கிறவர்கள் சிலர் கூடி, ஒரு நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பொதுவாக ஒரு கேட்டலாக் வைத்திருந்தார்கள். யாரிடம் என்ன ரேடியோ, மரம் எப்படி, சத்தம் எப்படி, உபரியாக என்ன சாமான் இருக்கிறது, எல்லாவற்றையும் அவரவர் வீட்டிலிருந்தே போன் வழியாக எழுதிவைக்கலாம். எங்கோ ஒரு முகம் தெரியாத ஆள் தட்டிய எழுத்து தன் வீட்டு ஹாலில் வந்து நிற்பதை, சர்ச்சில் பூசையின்போது சாமியார் அப்பத்தை உயர்த்துகையில் பார்ப்பதைப் போலத்தான் ஜார்ஜ் பார்ப்பார்.

சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் அவர் வாங்கிய ரேடியோ ஒன்றுக்கு நெற்றியில் ஒரு கண்ணாடிக் குமிழ். மேஜிக் ஐ என்பார்கள். ஸ்டேஷன் சரியாகப் பிடிபட்டால் அதற்குள் பச்சை வெளிச்சம் பூனைக் கண் மாதிரி விரியும். ஜார்ஜின் ரேடியோ நன்றாகப் பாடியது. கண் மட்டும் செத்துப்போயிருந்தது. அது எரிந்து ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று மனுஷன் ஏங்கிக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் முழுக்க அந்தக் கண் உபரியாக ஒன்றே ஒன்று இருப்பதாகக் கேட்டலாக் சொன்னது. அது, வடக்கே மார்சிலிங் வட்டாரத்தில் இருந்த அந்த மார்சிலிங்காரரிடம்.

"நல்லாப் பாடுதுல்ல? அப்புறம் கண்ணு எதுக்கு?"

"உனக்குப் புரியாது."

"பழைய சாமான் எடுக்க காராங்குனிக்காரன் வருவான்ல, அவனுக்குப் புரியும்."

"அவரு எழுதுறதைக் கேளேன்!" ஆங்கிலத்தில் இருந்ததை ஜார்ஜ் தமிழில் சொல்லிக் காட்டினார். "'நேத்து கண்ணு மெதுவா விரிஞ்சு சுருங்கிச்சு. கடல் தாண்டி யாரோ மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு.' எப்படி எழுதுறாரு பாரு! வச்சிருக்கிறது ஒரே ரேடியோ. கண்ணைப் பத்தி மட்டும் பக்கம் பக்கமா எழுதுறாரு."

"சத்தம் எப்படியாம்?"

"அந்த இடத்தை மட்டும் காலியா விட்டிருக்காரு."

"அப்ப அது பாடாது. ஏமாத்துறாரு. போன் போட்டுக் கேளுங்க."

"நம்பர் கேட்டுப் பாத்துட்டேன். 'போன் வேணாம், எழுதுங்க'ங்கிறாரு."

"போன் இல்லாமயா கம்ப்யூட்டர்ல வர்றாரு? எவளோ பொம்பளை லா!"

"பேரு அப்துல் கஃபாருன்னு போட்டிருக்கு."

"அப்ப பொண்டாட்டிக்குப் பயந்தவரா இருக்கும். உங்க கட்சிதான்."

திரையில் இன்னொரு வரி ஓடி வந்து நின்றது. ஜார்ஜ் அதைப் படித்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சனிக்கிழமை வரச் சொல்றாரு. கண்ணை எனக்குன்னு எடுத்து வச்சிருக்காராம்!"

"நானும் வருவேன்," என்றாள் உர்சுலா.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பஸ் மாறி மார்சிலிங் போய்ச் சேர்ந்தார்கள். ஜார்ஜ் பெல்லை அமுக்கினார். மணிச் சத்தம் வரவில்லை. உள்ளே ஏதோ பளிச் பளிச்சென்று மின்னியது. கஃபாரின் மனைவி நஃபீசா கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. அவரு ரூம்ல ரேடியோ பாத்துக்கிட்டு இருக்காரு."

உர்சுலா ஜார்ஜின் இடுப்பில் இடித்தாள். "பாத்துக்கிட்டா?"

அறையில் திரைச்சீலையை இழுத்து விட்டிருந்தார்கள். ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால், அந்த மங்கலில், ஒரு பச்சைக் கண். மெல்ல விரிந்தது. சுருங்கியது. லேசாக நடுங்கி மறுபடி விரிந்தது. பெட்டிக்குள் உயிருள்ள ஏதோ ஒன்று உட்கார்ந்து இவர்களைப் பார்ப்பதுபோல இருந்தது. ஜார்ஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

உர்சுலா தன்னையறியாமல் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். "மாதாவே! இதுக்குத்தான் இந்தப் பாடு பட்டீங்களா?"

நஃபீசா தோளைத் தொட, கஃபார் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பஞ்சில் சுற்றிய கண்ணை எடுத்து ஜார்ஜின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டார்.

அப்போதுதான் ஜார்ஜுக்கு உறைத்தது.

"சத்தமே காணோமேம்மா? ஸ்பீக்கர் போயிருச்சா?"

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குண்ணே. கண்ணுதான் மங்கிக்கிட்டே வருது. மாத்துறதுக்கு இருந்தது இது ஒண்ணுதான். உங்களை மாதிரி யாரும் ஆசைப்பட்டுக் கேக்கலையாம், குடுத்தே ஆகணும்னு நிக்கிறாரு." நஃபீசா கணவரைப் பார்த்துச் சிரித்தாள். "சத்தத்தை வச்சுக்கிட்டு அவரு என்ன பண்ணுவாரு? பொறந்ததிலேருந்தே அவருக்குக் காது கேக்காதுண்ணே."

கண்ணைக் கஃபாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியிருந்த ஜார்ஜ், மறுநாள் காலை பூசைக்குக் கிளம்புமுன், கேட்டலாக்கில் தன் ரேடியோவுக்கு நேரே 'கண் தேவையில்லை' என்று அடித்துவிட்டு, வயரைப் பிடுங்கிப் போனை உர்சுலாவிடம் கொடுத்தார்.