சுண்ணாம்பு போட்ட தொட்டி

கண்ணாடிக் கூடத்துக்குள் மத்தியான வெயில் கொதிக்கிறது. ஆராய்ச்சி மாணவியான மகள் இரண்டு வரிசைத் தொட்டிகளுக்கு நடுவே அப்பாவோடு நிற்கிறாள். எல்லாத் தொட்டியிலும் இருப்பது அவருடைய வயல் மண். பக்கத்து பேட்டரி ஆலையின் கழிவுநீர் பாய்ந்து காட்மியம் என்ற நச்சு உலோகம் ஊறிப்போன மண். ஒரு வரிசையில் கீரை மஞ்சளாகிச் சுருண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு போட்ட வரிசை மட்டும் தளதளவென்று நிற்கிறது. அப்பா அந்த இலைகளைப் புறங்கையால் தடவிப் பார்க்கிறார். "தேறிடுச்சேம்மா. இனி விதைச்சிடலாம்ல?" "சுண்ணாம்புல இருக்கற கால்சியம் முந்திக்கிட்டு வேருக்குள்ள போயிடுது, அதனால விஷம் கொஞ்சமாத்தான் ஏறுதுப்பா. ஆனா..." அவள் கையிலிருக்கும் பரிசோதனைத் தாள் வியர்வையில் நனைகிறது. அவர் ஓர் இலையைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோகிறார். அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். "வேணாம்ப்பா. இப்பவும் இருக்கலாம்னு சொல்ற அளவைவிட ரெண்டு மடங்கு விஷம் இருக்கு." மின்விசிறி வெந்த காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளுகிறது. "நிலத்தை வாங்கவும் ஆளில்ல. கீரை பச்சப்பசேல்னு இருந்தா, விஷம் இருக்கான்னு சந்தையில யாரும்மா கேக்கப்போறாங்க?" என்கிறார் அவர், தணிந்த குரலில். சொல்லிவிட்டு மகளின் முகத்தைப் பார்க்காமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் பிடித்த கையை விடவில்லை.