ஓங்கிய கை

சீரியலில் மாமியார் ஓங்கிய கை மூன்று நாளாகியும் மருமகள் கன்னத்தில் இறங்கவில்லை. வீட்டின் முன்கட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த தில்லைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு அறைய இந்த இழுவை இழுக்கானே! இந்த வேகத்துல நான் யாவாரம் பண்ணா மூட்டையெல்லாம் அழுகிப்போவும்."

"சும்மா இருங்க, இன்னைக்கு விழுந்துரும்" என்றாள் மனைவி கோமதி, திரும்பாமலே.

அவர் பக்கத்துத் தராசிலிருந்த இரண்டு கிலோ எடைக்கல்லைத் தூக்கி டி.வி.மேல் எறிந்தார். தெறித்த சில்லு கோமதியின் புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தை அவள் துடைக்கவில்லை. அதே கல்லை எடுத்து அவர் தலைக்கு மேலே ஓங்கினாள். கை அங்கேயே நின்றது.

பாயிலிருந்த அவருடைய அக்கா, நொறுங்கிய டி.வி.யை விட்டு இந்தப் பக்கம் திரும்பி வசதியாக உட்கார்ந்துகொண்டு எதிரே இருந்த தன் மகளை அதட்டினாள்: "ஏட்டி, தள்ளி உக்காரு. மறைக்குது."

கோமதியை அறைய ஒருநாளும் காத்திராத தில்லைநாயகம், அந்தக் கையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.