கனேலோ குரைக்கவில்லை

"கூடாரம், கம்பளி, கூட நாய் வேறயா? ரெண்டு பேரும் கடற்கரைக்குக் கிளம்பிட்டீங்க போல" என்றான் பெட்ரோல் பங்க்காரன். டிசம்பர் வந்தால் மெக்சிகோவின் சொனோராவில் பாதி ஜனம் அப்படித்தான் கிளம்பும், அவன் மேல் தப்பில்லை.

"ஆமாய்யா, அடுப்படிக்கு டிமிக்கி கொடுத்துட்டு ஓடுறோம், நீயும் வர்றியா?" என்றாள் ரமோனா. சிரித்த சிரிப்பு இருமலாகி, அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

கூடாரத்துக்கு அடியில் மண்வெட்டிகளும் நீளமான இரும்புக் கம்பியும் கிடந்ததை அவன் பார்க்கவில்லை. ரமோனாவின் மகன் ஆதானும் எர்லிந்தாவின் மகன் உலிசெஸும் ஒரே வருஷத்தில், இதே நெடுஞ்சாலையில் காணாமல் போனவர்கள். தேட வேண்டியவர்கள் கையை விரித்துவிட்டார்கள், அதனால் பெற்றவர்கள் தேடுகிறார்கள்.

கோடையில் பாலைவனம் அடுப்பு மாதிரி கொதிக்கும். வெயில் தணிந்தால்தான் மண்ணில் கால் வைக்க முடியும். ரெண்டு மாசம் முன்னால், அக்டோபரில் எர்லிந்தா கால் முறிந்து படுத்திருந்தபோது, ரமோனா நாயை மட்டும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்வந்தாள். "வெறும் மண்ணுதான்டி" என்று கனேலோவைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள்.

கனேலோ உலிசெஸ் வளர்த்த நாய். செத்த மாடோ நரியோ, மண்ணுக்குள் எது கிடந்தாலும் மோப்பம் பிடித்து ஊரைக் கூட்டுகிற மாதிரி குரைக்கும். அதற்கு மனுஷன், மாடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.

எர்லிந்தா ரமோனாவின் கம்பளியை உதறியபோது காய்ந்த சாமந்தி இதழ் ஒன்று விழுந்தது. "பக்கத்து வீட்டுக்காரிக்குப் பூ எடுத்துக் கொடுத்தேன்" என்று ரமோனா அதைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் ஒரு கள்ளிக்காட்டு ஓரத்தில் கூடாரம் போட்டு, பீன்ஸ் வைத்த ரொட்டியை நெருப்பில் வாட்டித் தின்றார்கள். தன் பங்கில் பாதியை ரமோனா நாய்க்குப் போட்டாள்.

"தின்னுங்கக்கா. காத்தடிச்சா பறந்துடுவீங்க."

"தின்னு என்னத்தைக் காணப்போறேன். எனக்கு அடுத்த குளிர்காலம் கிடையாதுடி. இந்தத் தடவை பிள்ளையை எடுத்துட்டுத்தான் திரும்பணும்."

ரமோனாவின் நுரையீரல் போயே போய்விட்டது, வசந்தம் வரை தாங்கினால் பெரிசு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆதான் போனதிலிருந்து ரமோனா வீட்டில், நவம்பரில் செத்தவர்கள் வீடு தேடி வருகிற இறந்தவர்கள் நாளுக்குச் சாமந்திப் படையலே கிடையாது, புருஷனுக்குக்கூட. "கதவைத் திறந்து வச்சு, அப்பன்கூட மகனும் வந்து நின்னுட்டா நான் என்னடி பண்ணுவேன்?" என்பாள். அந்த மனுஷி தன் பிள்ளையைப் பார்க்காமலே போய்ச் சேரணுமா? கடவுளே, என் பிள்ளை பிறகு கிடைக்கட்டும், முதலில் அவளுடையதைக் காட்டு என்று எர்லிந்தா மனசார வேண்டிக்கொண்டாள்.

விடிந்ததும் கனேலோ காய்ந்த ஓடையைத் தாண்டி ஓடியது. குரைக்கவில்லை. ஒரு புதர் ஓரமாகப் படுத்து, மண்ணில் தாடையை வைத்துக்கொண்டு முனகியது.

எர்லிந்தா மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே மண்ணைத் தள்ளினாள். நைந்துபோன துணி வந்தது, பிறகு இடுப்பு வார். அதன் பித்தளைக் கொக்கியில் குதிரைத் தலை. உலிசெஸின் பிறந்தநாளுக்கு அவளே தேடித் தேடி வாங்கியது.

கத்தி அழ வாய் திறந்தவள், பின்னால் இருமல் சத்தம் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ரமோனா இரும்புக் கம்பியை ஊன்றி, நாலடிக்கு ஒரு தரம் நின்று நின்று வந்துகொண்டிருந்தாள்.

இரண்டு பிள்ளைகளும் ஒரே வயசு, ஒரே உயரம். யார் என்று பரிசோதனையில் தெரிய மாசக்கணக்காகும், அதற்குள் அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவாள். எர்லிந்தா கொக்கியைக் கழற்றி ஸ்வெட்டர் பைக்குள் திணித்தாள்.

"அக்கா, வாங்க. உங்க ஆதான் கிடைச்சுட்டான்."

ரமோனா வந்து மெல்ல மண்டியிட்டாள். குழியை அவள் பார்க்கவில்லை, முனகிக்கொண்டிருந்த நாயைத்தான் பார்த்தாள். அதன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, எர்லிந்தாவின் புடைத்திருந்த ஸ்வெட்டர் பைக்குள் கை விட்டுக் கொக்கியை எடுத்தாள். சால்வை நுனியால் மண்ணைத் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இது உன் பிள்ளைடி. அழு, நல்லா அழு."

எர்லிந்தா உடைந்துபோனாள். "உங்களுக்கு நாளில்லையேக்கா. நீங்க கொண்டுபோய் அடக்கம் பண்ணுங்க, படையல் வைங்க. என் பிள்ளை உங்க பிள்ளையா இருந்துட்டுப் போகட்டும்."

"படையல் இந்த வருஷம் வச்சேன்டி. அப்பனும் மகனுமா சேர்ந்து வந்தாங்க."

எர்லிந்தா அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். மூச்சுக்கே திணறுகிற அந்த நோஞ்சான் உடம்பைப் பார்த்தாள். "அப்ப இந்த உடம்போட எதுக்குக்கா வந்தீங்க?"

ரமோனா அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"என் பிள்ளையைத் தோண்டி எடுத்த அன்னிக்கு, நான் தனியா இருந்தேன்டி."