ஒரு கரண்டி தூரம்

முதலில் யாரைக் கொல்வது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். சமையல்காரியைத்தான்.

பக்கத்து நாட்டு ராஜா அப்புறம். அவனைக் கொல்வதற்கென்றே அவளை வளர்த்தார்கள். அது அவர்கள் கணக்கு. இது அவள் சொந்தக் கணக்கு.

நடக்கத் தெரியாத வயதில் அரண்மனைக்குத் தூக்கிவந்து, பின்கட்டு அறையில் பூட்டிவைத்து, தினமும் காலையில் விஷம் கொடுத்து வளர்த்த பெண் அவள். முதலில் ஒரு சொட்டு, பிறகு ஒரு மிடறு, பிறகு முழுக் கிண்ணம். விஷம் ரத்தத்தில் ஊறிவிட்டால் அவளைத் தொட்டவன் பிழைக்க மாட்டான் என்பது அரண்மனை வைத்தியரின் சாஸ்திரம்.

பெயர்கூட வைக்கவில்லை. விஷம் என்றுதான் கூப்பிட்டார்கள். விஷம் சாப்பிட்டதா, விஷம் தூங்குகிறதா என்று விசாரித்துக்கொள்வார்கள்.

போன மாதம் அவள் பெரியவளானாள். அரண்மனையில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். ஆயுதம் தயாராகிவிட்டது அல்லவா!

இன்று பட்டுச் சுற்றிப் பல்லக்கில் ஏற்றி, பக்கத்து நாட்டு ராஜாவுக்குப் பரிசாக அனுப்புகிறார்கள். அவன் ஒரு முத்தம் கொடுப்பான், சாவான். மறுநிமிடம் அவனுடைய ஆட்கள் அவளை வெட்டிப்போடுவார்கள். இதை அவளிடம் யாரும் மறைக்கவுமில்லை.

காலையிலிருந்து அலங்காரம் நடந்தது. தோழிகள் என்று பெயர்தான். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. வளையலை இடுக்கியால் நீட்டினார்கள். பட்டுப் புடவையைக் கழியில் மாட்டித் தூக்கிப் போட்டார்கள். அவளே உடுத்திக்கொண்டாள், அவளே தலை வாரிக்கொண்டாள்.

அதெல்லாம் பழகிப்போனது. சமையல்காரிமேல் இருந்த ஆத்திரம் வேறு.

அந்த மகராசிதான் தினமும் கிண்ணத்தோடு வருகிறவள். நீளக் காம்பு போட்ட கரண்டியால் எட்டி நின்று ஊற்றுவாள். கிண்ணத்தில் மிச்சமிருந்ததைத் தின்று செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி, வைத்தியரிடம் காட்டிச் சபாஷ் வாங்குவாள்.

சின்ன வயதில் ஒருநாள், இடி இடித்த பயத்தில், அவள் ஓடிப்போய்ச் சமையல்காரியின் இடுப்பைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். கரண்டிக் காம்பால் நெஞ்சில் ஒரு குத்து. சுவரோரம் போய் விழுந்தாள். அன்று மனதில் புகுந்த வன்மம் அவளோடு சேர்ந்து வளர்ந்தது.

கதவு திறந்தது. சமையல்காரி கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். வைத்தியர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலோடு நின்றார். அவருக்குப் பின்னால் காவலாளிகள்.

"கடைசிக் கிண்ணம். சிந்தாம குடி," என்றாள் சமையல்காரி.

அவள் கிண்ணத்தை வாங்கவில்லை. ஒரே பாய்ச்சல். சமையல்காரியின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் வைத்தாள். செத்துத் தொலை என்று மனதுக்குள் கரித்துக்கொட்டியபடி இன்னும் இறுக்கினாள்.

வேர்வையும் அடுப்புப் புகையுமாக ஒரு வாசனை வந்தது. மனிதத் தோல் இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

சமையல்காரி ஒரு நொடி அசையாமல் நின்றாள். பிறகு கண் செருகியது. வாயில் நுரை தள்ளியது. கை கால் வெட்டி இழுக்க, பொத்தென்று விழுந்தாள்.

வைத்தியர் கைதட்டாத குறைதான். "பாத்தீங்களாடா, நொடியில போயிட்டா! என் மருந்து பொய்க்குமா?" என்று காவலாளிகளிடம் பூரித்துப்போனார். செத்தவளுக்காக ஒரு ஐயோகூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

பிணத்தை எடுக்க ஒருவனும் முன்வரவில்லை. விஷம் பட்ட உடம்பை எவன் தொடுவான்? கடைசியில் வைத்தியர் அவளிடமே சொன்னார்.

"நீயே இழுத்துட்டுப் போய்ப் பின்வாசல் பள்ளத்துல தள்ளிட்டு வா. சீக்கிரம், பல்லக்கு காத்துட்டு இருக்கு."

அவள் சமையல்காரியின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். காவலாளிகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். பின்வாசல்காரன் கதவைத் திறந்துவிட்டு மதில்மேல் ஏறிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நினைத்ததை முடித்துவிட்டாள். சந்தோஷம்தான் வரவில்லை. அந்த உடம்பு கனத்தது. சூடு இன்னும் ஆறவில்லை. தலை அவள் வயிற்றில் சாய்ந்து சாய்ந்து ஆடியது. ஒருத்தியைக் கட்டிக்கொள்வதற்கு அவளைக் கொல்ல வேண்டியிருந்ததே என்று நினைத்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பள்ளத்தில் சரிந்து இறங்கியதும், பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அழறதை அப்புறம் வெச்சுக்கோடி," என்றது பிணம்.

அவள் அதை மடியிலிருந்து உதறித் தள்ளினாள்.

சமையல்காரி எழுந்து உட்கார்ந்து, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நீ குடிச்சது அத்தனையும் வெறும் கசப்பு இலைச் சாறுடி. உன் வயித்துல ஒரு சொட்டு விஷம் போனதில்ல. எலிக்கு மட்டும்தான் வெச்சேன். எந்திரி, இந்தப் பள்ளம் காட்டுல போய் முடியுது."

அவள் எழுந்திருக்கவில்லை. பிழைத்தோம் என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். அவளுக்கோ பழைய ஆத்திரம்தான் பொங்கியது.

"தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு உனக்குத் தெரியும்," என்றாள். "இத்தனை வருஷமும் தெரியும்."

சமையல்காரி புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அந்த அறைக் கதவில் ஒரு துளை உண்டு என்பதையும், பகலும் ராத்திரியும் அதில் யாராவது கண்ணை வைத்துக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மதில் பக்கம் யாரோ கத்தினார்கள். சமையல்காரி அவள் மணிக்கட்டை எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்துக் காட்டுப் பக்கம் இழுத்தாள்.

வலித்தது. விடு என்று அவள் சொல்லவில்லை.